திரைப்படத்தை நிறுத்திப் பார்ப்போம்: மும்பைப் பிள்ளைகளுக்கு ஒரு புவியியல் பாடம்

பன்னிரண்டாம் வகுப்புக்கு என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட புவியியல் பாடநூலில், நகரப் பிரச்சினைகளைப் பேசும் அத்தியாயத்தில், தாராவியைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி இடம்பெற்றது. 1996ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கில நூலிலிருந்து எடுக்கப்பட்ட பகுதி அது. ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி என்று தலைப்பிட்டு, பேருந்து ஓரத்தோடு போய்விடுவதையும், பெயருக்கு 90 அடி என்று சொல்லப்படும் சாலை பாதியாகச் சுருங்கிக் கிடப்பதையும் விவரிக்கிறது. அங்கே உருவாகும் பொருள்களைப் பற்றியும் அதில் உண்டு. ஆனால் படிப்பவர் மனத்தில் தங்குவது முதல் பாதிதான்.

தில்லியிலோ போபாலிலோ இதைப் படிக்கும் மாணவனுக்கு இது தேர்வுக்கு ஒரு கேள்வி. மும்பையில் நம் பிள்ளைகள் பலருக்கு இது தாத்தா வந்து இறங்கிய இடம். சிலருக்கு இன்றைக்கும் வீட்டு முகவரி. ஆசிரியர் அந்தப் பெட்டியை உரக்கப் படிக்கும்போது வகுப்பில் நாலு பேர் திரும்பி ஒரு பையனைப் பார்க்கிறார்கள். அவன் அன்றிலிருந்து எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால் "சயான்" என்று சொல்லத் தொடங்குகிறான். இதை நான் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். சயான் பொய்யும் இல்லை, ரயில் நிலையம் அதுதானே! ஆனால் ஒரு பாடம் ஒரு பிள்ளையைத் தன் முகவரியை மறைக்க வைக்குமானால், அந்தப் பாடம் சொல்லப்படும் முறையைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும்.

திரைப்படத்தைக் கொண்டு இதை வேறு விதமாகச் சொல்லித் தரலாம் என்பது என் கருத்து. சினிமாவா, படிப்புக்கா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பிள்ளைகள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் நகரம் சினிமாவில் பார்த்த நகரம்தான். 'நாயகன்', 'காலா', 'கல்லி பாய்' எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். அதை இல்லை என்று பாவித்துப் பாடம் நடத்துவதைவிட, அதிலிருந்தே தொடங்குவது மேல்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைப்படம் ஏழ்மையைக் காட்டும், ஏற்றத்தாழ்வைத் தானாகக் காட்டாது. ஏழ்மை ஒரு முகத்தில் தெரிந்துவிடும், இசையும் சேர்ந்தால் கண்ணீர் வந்துவிடும். ஏற்றத்தாழ்வு என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் உறவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் அது பிடிபடும். ஆகவே முழுப் படத்தையும் ஓடவிட வேண்டாம். ஐந்து நிமிடத் துண்டு ஒன்று போதும். அதையும் பாதியில் நிறுத்தி, வரைபடத்தையும் அளவு நாடாவையும் எடுக்க வேண்டும்.

'நாயகன்' (1987) படத்தில் தொடங்கலாம். நம் வீடுகளில் பார்க்காதவர் கிடையாது. வேலு தூத்துக்குடியிலிருந்து தப்பி வந்து தாராவியில் வளர்கிறான். ஒரு சேட் நிலத்துக்காகக் குடிசைகளை இடிக்க ஆள் அனுப்புகிறார். பதிலுக்கு வேலுவின் ஆட்கள் சேட்டின் வீட்டை நொறுக்குகிறார்கள். அங்கே நிறுத்துங்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த நிலம் யாருடையது? எல்லோரும் சேட்டுடையது என்பார்கள், படம் அப்படித்தான் சொல்கிறது. உண்மையில் தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சியுடையது. ரயில்வே நிலமும் உண்டு, தனியார் நிலமும் கொஞ்சம் உண்டு. இந்த ஒரு செய்தி தெரிந்ததுமே கேள்வி மாறிவிடும். ஒரு கெட்ட சேட்டைப் பற்றிய கதை போய், பொது நிலத்தில் பத்து லட்சம் பேர் வரை குடியேறும் அளவுக்கு வீடு கட்டாமல் இருந்தது யார் என்ற கேள்வி வரும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தப் படத்தில் நாம் பார்க்கும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட். கலை இயக்குநர் தோட்டா தரணிக்கு அதற்காகத் தேசிய விருதும் கிடைத்தது. 'காலா' (2018) படத்துக்கும் சென்னையில்தான் பெரிய தாராவி எழும்பியது. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு. அப்படியானால் செட்டில் எது இருந்தது, எது விட்டுப்போயிற்று என்று தாராவிப் பிள்ளையிடம் கேட்கலாம். வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவன் இப்போது அவன்தான். எங்கள் வகுப்பில் ஒரு பையன் சொன்னது: "படத்துல எல்லாரும் சும்மா நிக்கிறாங்க சார். எங்க சந்துல யாரும் சும்மா நிக்க மாட்டாங்க." பத்து நிமிடம் தோல் பட்டறை, தையல், பிளாஸ்டிக் தரம் பிரிப்பது என்று அவனே பாடம் நடத்தினான்.

வேலை என்ற அந்த முனையைப் பிடித்துக்கொண்டு, தாராவி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்குப் போகலாம். சுதீர் மிஸ்ராவின் 'தாராவி' (1992) என்ற இந்திப் படத்தில் ஓம் பூரி டாக்ஸி ஓட்டுநராக வருவார். சாயப் பட்டறை ஒன்றைச் சொந்தமாக வாங்குவதுதான் அவர் கனவு. அதில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, மும்பை வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள். மேற்கே மாஹிம், மாதுங்கா ரோடு நிலையங்கள் வழியாக மேற்கு ரயில்பாதை. கிழக்கே சயான் வழியாக மத்திய ரயில்பாதை. வடக்கே மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும். நடுவில் முக்கோணமாகக் கிடப்பது தாராவி, இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பிள்ளைகளே விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், இரண்டு பாதைகளுக்கு நடுவே சிக்கிய தாழ்நிலம் என்று.

முதலில் அங்கே இருந்தது கோலி மீனவர்களின் குடியிருப்பு. நகரம் வளர வளர, உள்ளே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தொழில்கள் அந்தச் சதுப்பு ஓரத்துக்கு வந்தன. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பர்வாடாவை அமைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் வந்தது. தோலுக்கு நாற்றம் உண்டு, தண்ணீர் வேண்டும், கழிவை விட ஓர் ஓடை வேண்டும். அந்தத் தொழிலில் ஈடுபட்டவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிட மக்களும் முக்கியமானவர்கள். சதுப்பைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி, நிலமாக்கியதே அங்கே குடியேறியவர்கள்தான். ஊரே அவர்கள் கையால் உண்டானது. பிறகு நகரம் வடக்கே வளர்ந்து, ஓரமாக இருந்தது நடுவாகிவிட்டது. மித்தி ஆற்றுக்கு அக்கரையில் இன்று பாந்த்ரா-குர்லா வளாகம், தேசியப் பங்குச் சந்தையும் வைரச் சந்தையும் அங்கே. ஒரு ஆறுதான் இடையில்.

இதே வரைபடத்தில் தாராவிக்குத் தெற்கே மாதுங்காவைக் காட்டுங்கள். 1896இல் பிளேக் நோய் பரவிய பிறகு, 1898இல் பம்பாய் நகர் மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அகலத் தெரு, மரம், தோட்டம், காற்றோட்டம் என்று தாதர்-மாதுங்கா பகுதியைத் திட்டமிட்டு அமைத்தது அது. அங்கே குடியேறியவர்களும் நம்மவர்கள்தான், பெரும்பாலும் அலுவலக வேலைக்கு வந்தவர்கள். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஒரே மொழி பேசுபவர்கள், ஒரே ஊருக்கு வந்தவர்கள், ஒரு பக்கம் வரைபடம் போட்ட பிறகு வீடு வந்தது, மறுபக்கம் வீடு வந்த பிறகும் வரைபடம் வரவில்லை. யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதில் சாதிக்குப் பங்கு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. சங்க வகுப்பில் இதைப் பேசுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். நான் பேசுகிறேன்.

'கல்லி பாய்' (2019) படத்தில் அளவுக்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. தாராவிப் பையன் முராத், வசதியான தோழியின் வீட்டுக் குளியலறையைக் காலடியால் அளந்து பார்க்கிறான். வசனமே வேண்டியதில்லை. அதை நிறுத்திவிட்டு, வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடி சதுரம் ஒன்று போடச் சொல்லுங்கள். நூறு சதுர அடி. நம்மவர்கள் கோலி என்று சொல்வது ஏறத்தாழ அவ்வளவுதான். ஐந்து பிள்ளைகளை அதற்குள் படுக்கச் சொல்லுங்கள். ஓர் ஆளுக்கு 6 அடிக்கு 2 அடி என்றால் ஐந்து பேருக்கு 60 சதுர அடி. மீதி 40 சதுர அடியில் அடுப்பு, தண்ணீர் டிரம், பீரோ, படிக்க ஒரு மூலை. பிறகு தத்தம் வீட்டை அளந்து, ஆள் எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஆனால் கூட்டத்தில் யாரும் தன் வீட்டுக் கணக்கை வாசிக்க வேண்டாம். சீட்டில் பெயரில்லாமல் எழுதிப் பெட்டியில் போடட்டும், ஆசிரியர் கரும்பலகையில் பட்டை வரைபடமாகப் போடட்டும். பட்டைகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதே பாடம். யாருடைய பட்டை எது என்பது யாருக்கும் தேவையில்லை.

தாராவி மறுகட்டுமானம் பற்றிப் பெரியவர்கள் வீட்டில் பேசுவது பிள்ளைகள் காதில் விழும். 2022 நவம்பரில் ஏலத்தில் அதானி குழுமம் அதைப் பெற்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகக் காட்ட முடிந்தவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டம். மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கும் பின்னால் வந்தவருக்கும் விதி வேறு, இடமும் வேறு. சாக்பீஸ் சதுரத்தைப் போட்ட பிள்ளைகளுக்கு 350 என்ற எண் உடனே விளங்கும். அது பெரிது என்பார்கள், சரிதான். அப்போது அடுத்த கேள்வி: தோல் பட்டறையை எத்தனையாவது மாடியில் வைப்பது? குயவர் சூளையை?

தண்ணீருக்கு வருகிறேன். நான் பார்த்தவரையில் நம் படங்கள் குழாயடிச் சண்டையைக் காட்டும், குழாயைக் காட்டாது. மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளில் விஹார், துளசி இரண்டும் நகருக்குள். தான்சா, வைதர்ணா, பாத்சா முதலிய பெரிய ஏரிகள் வடக்கே தாணே, நாசிக் பக்கத்து மலையடிவாரத்தில். அவ்வளவு தூரத்திலிருந்து குழாய் வருகிறது. அது ஊருக்குள் வந்த பிறகுதான் பிரிவினை. மாநகராட்சி நீண்ட காலம் கட்டடத்தில் வசிப்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசையில் வசிப்பவருக்கு 45 லிட்டர் என்றே கணக்கு வைத்திருந்தது. 15 லிட்டர் வாளியால் அளந்தால் ஒருவருக்கு ஒன்பது வாளி, மற்றவருக்கு மூன்று. மேகத்திலிருந்து விழும்போது ஒரே தண்ணீர். பின்னால் வந்த குடிசைகளுக்கு இணைப்பே கிடையாது என்றிருந்த நிலையில், 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், குடியிருப்பு சட்டபூர்வமானதா இல்லையா என்பது வேறு, குடிநீர் எல்லோருக்கும் தர வேண்டும் என்று கூறியது. ஒருநாள் மூன்று வாளியில் குளித்து, துவைத்து, சமைத்துப் பார்க்கும்படி வீட்டுப்பாடம் கொடுத்தால் தாய்மார்களின் கோபத்துக்கு ஆளாக நேரிடும். ஆனாலும் கொடுக்கலாம்.

மழையும் அப்படித்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை, தெற்குக் கோடியில் கொலாபாவில் 75 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. மித்தி ஆறு பெருகி, குர்லா, கலீனா, சயான் என்று தாழ்ந்த இடமெல்லாம் மூழ்கியது. மழை ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை என்பார்கள். மழை பார்க்காது, நிலத்தின் மட்டம் பார்க்கும். தாழ்ந்த மட்டத்து நிலம்தான் மலிவாகவோ யாருக்கும் வேண்டாததாகவோ கிடைக்கிறது. மட்டக் கருவி பிடித்தவர்களுக்கு இது தெரியும்.

இனி ஓர் ஆவணப்படம். ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'ஹமாரா ஷஹர்' (1985), தேசிய விருது பெற்றது. நடைபாதையிலும் குடிசைகளிலும் வசிப்பவர்களை அப்புறப்படுத்திய நாட்களைப் பதிவு செய்தது. 1981இல் மழைக்காலத்திலேயே அவர்களை வெளியேற்ற மாநில அரசு முடிவு செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர். 1985 ஜூலையில் வந்த தீர்ப்பில், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைபாதையில் குடியிருக்க உரிமை உண்டு என்று சொல்லவில்லை. மழைக்காலம் முடியும்வரை அவகாசம் கொடுத்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் படத்தில் ஒரு பெண் படம் எடுப்பவரையே பார்த்துச் சீறுவாள். எங்களைப் படம் பிடித்துப் பேர் வாங்கிக்கொள்வீர்கள், எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்ற பொருளில். இயக்குநர் அதை வெட்டாமல் வைத்திருக்கிறார். இந்தக் காட்சியை 'கல்லி பாய்' படத்தில் வெளிநாட்டுப் பயணிகள் முராத்தின் வீட்டுக்குள் வந்து பார்க்கும் காட்சியோடு அடுத்தடுத்துக் காட்டுங்கள். 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008) எட்டு ஆஸ்கர் வாங்கியபோது நாடே கொண்டாடியது. அந்தப் பெயரிலிருந்த நாயைப் பற்றிக் குடிசைவாசிகள் எதிர்ப்புத் தெரிவித்ததைக் கவனித்தவர் குறைவு. கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்கப் பழகிய பிள்ளை, பாடநூல் பெட்டியையும் அதே கேள்வியோடு படிப்பான்.

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் இதை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். மும்பையில் தண்டவாளத்தை ஒட்டியே, சில இடங்களில் கை நீட்டினால் பெட்டியைத் தொடும் தூரத்தில், குடிசைகள் இருந்தன. அந்தப் பகுதிகளில் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. பெட்டிக்குள் நசுங்கிக்கொண்டு நின்றவர் குடிசைக்காரரைத் திட்டினார். குடிசைக்காரர் குழந்தையைத் தண்டவாளத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நகரம் இடம் கொடுக்கவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி, மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காக அங்கிருந்து 60,000 பேருக்கு மேல் பெரும்பாலும் பலவந்தம் இல்லாமல் இடம் மாறினார்கள். குடிசைகளுக்கு எண் போட்டு, குடும்பங்களைக் கணக்கெடுத்து, பட்டியல் தயாரித்ததில் குடிசைவாசிகளின் சொந்த அமைப்புகளுக்கே பெரும் பங்கு. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1976இல் இடிக்கப்பட்ட மான்குர்த் ஜனதா காலனியில் வாழ்ந்தவர். 2000இல் அவருக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது, 2018இல் காலமானார். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு வேலு நாயக்கரைப் பற்றித் தெரிந்த அளவில் பாதியாவது தெரிய வேண்டும்.

போனவர்களுக்கு மான்குர்த் போன்ற இடங்களில் வீடு கிடைத்தது. அது லேசான காரியம் அல்ல. ஆனால் சயானில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வேலை தூரமாயிற்று. ரயில் வரைபடத்தைக் கொடுத்து, அவள் போக வர ஆகும் நேரத்தையும் சீசன் டிக்கெட் பணத்தையும் கணக்குப் போடச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு புதிய படம். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பரிசு பெற்றது. பெரியவர்களுக்கான காட்சிகள் உள்ள படம், ஆகவே தேர்ந்தெடுத்த துண்டுகள் மட்டும் காட்ட வேண்டும். மருத்துவமனையில் சமையல் வேலை பார்க்கும் பார்வதி என்ற விதவை, பல ஆண்டுகள் வாழ்ந்த வீட்டிலிருந்து கட்டட முதலாளியால் விரட்டப்படுகிறாள். அந்த வீட்டில் இருந்ததற்கு அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. கடைசியில் ரத்னகிரிப் பக்கத்துச் சொந்த ஊருக்கே போகிறாள். இதைக் காட்டியபின் எங்கள் வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம்: இந்த ஊரில் நாம் இருக்கிறோம் என்பதற்கு நம் குடும்பத்தின் முதல் காகிதம் எது, எந்த ஆண்டு என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வா. ரேஷன் கார்டு, ஆலை அடையாள அட்டை, வாடகை ரசீது, ஒரு பள்ளிச் சான்றிதழ் என்று வந்தன. மாதுங்காப் பெண் ஒருத்தி கொண்டுவந்ததும் ஒரு பழைய வாடகை ரசீதின் நகல்தான். நாமும் வாடகைக்கு வந்தவர்கள்தானா என்று அவள் கேட்டாள்.

துண்டுகளையெல்லாம் பார்த்து முடித்தபின் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகலாம். மாதுங்கா ஐந்து தோட்டங்களில் தொடங்கி, கிங்ஸ் சர்க்கிள் வழியாகத் தாராவி 90 அடி சாலை வரை. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் மரம் எத்தனை, உட்கார பெஞ்சு எத்தனை, குப்பைத் தொட்டி, பொதுக் கழிப்பறை, வேலை நடக்கும் பட்டறை எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொண்டே போகட்டும். வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கவோ, கேட்காமல் போட்டோ எடுக்கவோ கூடாது. தாராவி எல்லை தொடங்கியதும் முன்னால் நடப்பது தாராவிப் பிள்ளைகளாக இருக்கட்டும். அடுத்த ஞாயிறு அதே பாதையில் திரும்பி வந்து, அவர்கள் டேப்பைப் பிடித்து மாதுங்காவை அளக்கட்டும்.